கடைசிப் பிரிவு தண்டனையா?

பத்தாம் வகுப்பில் கணக்கில் தடுமாறும் மாணவர்களைத் திரட்டித் தனிப் பிரிவாக்கி ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்தால், ஆசிரியர் அறையில் அவருக்கு அனுதாபம் தெரிவிக்கப்படுகிறது. “யாரைப் பகைத்துக்கொண்டீர்?” என்று கேட்பாரும் உண்டு. மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் தியாகராயநகரிலும் நாம் பழகிய ஆசிரியர் பலர் வாயிலாக இதனைக் கேட்டிருக்கிறோம். கைதேர்ந்த மூத்த ஆசிரியர் முதற்பிரிவுக்கு. புதிதாய் வந்தவரோ வேண்டாதவரோ கடைசிப் பிரிவுக்கு. இம்முறை தலைகீழானது என்பதே நம் வழக்கு.

மெல்லக் கற்போர் என்றனர். பின்னர் மெல்ல மலரும் மாணவர் எனப் பெயரை இனிமையாக்கினர். பெயர் மாறிற்று, பாடம் மாறவில்லை. பொதுத்தேர்வில் வடிவியல் வரைவுக்கு 8, வரைபடத்துக்கு 8; அந்த 16 மதிப்பெண்ணைக் கைப்பழக்கத்தால் பெறச் செய்து, மேலும் சில கணக்குகளை மனப்பாடமாக்கி, 35ஐ எட்டவைப்பதே அங்கே பாடம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை, தேர்ச்சி பெற்ற பின்னும் அப்படியேதான் எழுதுவான்.

ஏன் அப்படி எழுதுகிறான் என்று கேட்பவரே அவனுக்கு ஆசிரியர். நம் மத்ரஸாக்களில் ஃபராயிள் ஓதுவோர்க்கு முதல் வேலையே பொது மடங்கு காண்பது. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது ஆண்மக்களுக்கு என்றால், சொத்தை 24 பங்காக்கி 3, 4, 17 எனப் பிரிப்போம். கணக்கு வராதென்று தள்ளப்பட்ட பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எட்டையும் ஆறையும் கூட்டி 14 பங்காக்கினால் என்ன என்று அவனே கேட்பான். கேள்வி பிறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி இயற்றிய இயற்கணித நூலில் ஒரு பெரும்பகுதி இத்தகைய பாகப்பிரிவினைக் கணக்குகளே அன்றோ!

பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலாந்தே 1974இல் லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி அது. 1982இல் அவர் மாணவர் 18 பேர் கல்லூரித் தரத்து நுண்கணிதத் தேர்வில் தேறினர். விடைகளில் ஒத்த பிழைகள் உள்ளன என்று தேர்வுக் கழகம் 14 பேரைச் சந்தேகித்தது. மறுதேர்வு எழுதிய 12 பேரும் மீண்டும் தேறினர். 1988இல் வந்த திரைப்படத்தைக் கண்டோர் இதனை ஓராண்டு அற்புதமென்று எண்ணுகின்றனர். எட்டாண்டு உழைப்பு அது! நாமோ ஜூனில் பிரிவை ஒப்படைத்து மார்ச்சில் விளைச்சல் கேட்கிறோம். இடையில் பணி நிரவல் என்று ஆசிரியரையே வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவதும் உண்டு.

மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணனின் இல்லத்தில் நடந்த கருத்தரங்கிலிருந்து 1962இல் கணித அறிவியல் நிறுவனம் எழுந்தது. அடையாற்றுப் பக்கம் 1959 முதல் ஐ.ஐ.டி. இருக்கிறது. இந்நகரில் கணிதத்துக்குப் பஞ்சமில்லை. மீர்சாகிப்பேட்டைப் பிள்ளைக்கு அது பங்கிடப்படுவதில்தான் பஞ்சம். கணக்கில் தவறியதும் மகனைக் கடைக்கு அனுப்பி, மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் நம் குடும்பத்தாரும் இதற்குத் துணைபோகின்றனர்.

நம் சமுதாயப் பள்ளிகளின் தாளாளர்கள் அடுத்த ஜூனில் கால அட்டவணையைக் கடைசிப் பிரிவிலிருந்து எழுதத் தொடங்கட்டும். மூத்த கணித ஆசிரியரின் பெயர் முதலில் அங்கே இடம்பெறட்டும். எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்து, மூன்றாண்டுகள் அவரை மாற்றாதிருக்கட்டும்.