ட்ராமாவா, டிராமாவா?

"அந்தப் படம் எனக்கு ட்ராமா", "மேத்ஸ் டீச்சர்தான் என் சைல்டுஹுட் ட்ராமா". டைம்லைனைத் திறந்தாலே இந்த வார்த்தைதான். இதோட பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துடுவோம்.

கிரேக்கத்தில் ட்ராமா என்றால் காயம். அவ்வளவுதான். ஆங்கில மருத்துவத்துக்கு வந்தபோதும் அதே பொருள்தான். இன்னைக்கும் ஆஸ்பத்திரியில் 'ட்ராமா வார்டு'னு போர்டு பார்த்தீங்கன்னா, உள்ளே இருப்பது பைக்கில் இருந்து விழுந்தவரும் மரத்தில் இருந்து விழுந்தவரும். மனநலப் பிரிவு வேற பக்கம் இருக்கும்.

உடம்புக்கு இருந்த சொல் மனசுக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் ரயில் ஏறித்தான் வந்தது.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ரயில் விபத்தில் தப்பியவர்கள் சிலருக்கு எலும்பு முறிவு இல்லை, வெளிக்காயம் இல்லை. ஆனா தூக்கம் போச்சு, கை நடுக்கம், ஞாபக மறதி. எரிக்சன் என்ற லண்டன் சர்ஜன் 1866ல் இதுக்காகவே ஒரு புத்தகம் போட்டார். தண்டுவடம் குலுங்கியதுதான் காரணம் என்பது அவர் வாதம். 'ரயில்வே ஸ்பைன்' என்ற பேரே பரவிடுச்சு. நஷ்டஈடு கேஸ் கோர்ட்டுக்குப் போனதும் எதிர்த்தரப்பு என்ன சொல்லியிருக்கும்னு நினைக்கிறீங்க? "காசுக்காக நடிக்கிறாங்க." (நம்ம ஊர் இன்சூரன்ஸ் கேஸ் ஞாபகம் வருதா?)

1889ல் ஜெர்மனியின் ஓப்பன்ஹைம் இதே மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே ட்ராமா வந்துடுச்சு. அப்புறம் முதல் உலகப் போர். குண்டு மழையில் இருந்து வந்து பேச்சே வராமல் நின்ற சிப்பாய்களுக்கு 'ஷெல் ஷாக்'. அங்கேயும் அதே பேச்சு: கோழை, நடிப்பு. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006ல்தான் மன்னிப்பு கிடைச்சது. அதில் ஷெல் ஷாக் வந்தவர்களும் இருந்தார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பிடிஎஸ்டி என்ற பெயரே ஏறியது.

இப்ப தமிழுக்கு வருவோம். நம்ம எழுத்தில் ட்ராமாவும் டிராமாவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிரேக்கத்தில் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டிராமா 'செய்தல்' என்ற வேரில் இருந்து வந்தது. ஆனா நம்ம வீடுகளில் ட்ராமாவோடு வர்றவங்களுக்குக் கிடைக்கிற பதில் என்ன? "டிராமா போடாத."

என் பயம் இதுதான். வார்த்தை பொருள் மாறுறதுல எனக்குப் பிரச்சினை இல்லை. செமஸ்டர் ரிசல்ட்டும் ட்ராமா, பிரேக்கப்பும் ட்ராமா என்று ஆயிட்டா, பக்கத்து சீட்டில் இருந்தவர் கண்ணெதிரே இறந்ததைப் பார்த்தவரும், வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையும் அதே சொல்லைச் சொல்லும்போது நம்ம காது மரத்துப்போயிருக்கும்.

இன்னொண்ணு. பெரிய அதிர்ச்சியைச் சந்திச்ச எல்லாருக்கும் பிடிஎஸ்டி வராது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிடுவாங்க. ஒரு மாசம் தாண்டியும் அந்தக் காட்சி கண்ணுக்குள்ளேயே வந்து நிக்குதா, கெட்ட கனவில் அலறி எழுறாங்களா, அந்த ரோடு பக்கமே போக மாட்டேங்கிறாங்களா, சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுதா? மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. இதுக்கென்றே பேச்சு சிகிச்சைகள் இருக்கு, தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு. யாரிடம் போறதுன்னு தெரியலைன்னா டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.