அவன் என்றே இருக்கட்டும்

‘பொம்பளைக்கு எதுக்கு அவன்?’ நான் மொழிபெயர்த்துக் கொடுத்த கதையின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார் நண்பர். நான் எழுதிய ‘வந்தான்’ எல்லாம் ‘வந்தாள்’ ஆகியிருக்கிறது. இலக்கணப் பிழையாம். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கே பாடம்!

கதை, ஐசக் பாஷெவிஸ் சிங்கர் யிட்டிஷில் எழுதிய யென்டல். போலந்து யூதர்களின் சிற்றூர். தோராவும் தால்முதும் ஆணுக்கு மட்டும். அப்பா ஜன்னல் திரையை மூடிவிட்டு மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். உனக்கு ஆணின் ஆன்மா என்கிறார். அவர் செத்ததும் முடியை வெட்டி, அவருடைய உடுப்பை மாட்டி, அன்ஷெல் என்ற பெயரில் வேதப்பள்ளி வாசம்.

படிப்புக்காகப் போட்ட வேஷம், அவ்வளவுதானே என்கிறார் நண்பர். வேஷம்னா காரியம் முடிஞ்சதும் கலைக்க வேணாமா? கூடப் படிக்கும் அவிக்டோரிடம் உண்மையை உடைத்தபின், நாம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்கிறான் அவன். அதை மறுத்துவிட்டு வேறொரு வேதப்பள்ளிக்குக் கிளம்புகிறவரை எந்தப் பாலில் அடைப்பது? கனவிலும் ஒரே உடம்பில் இரண்டு உடுப்பு. கதைசொல்லியோ ஓரிடத்தில் யென்டல் என்கிறார், இன்னோரிடத்தில் அன்ஷெல் என்கிறார். பிரதியின் நடையே இந்தப் புரளல்தான். இதை நேராக்கிவிட்டு ‘உள்ளடக்கம் பத்திரமாக இருக்கிறது’ என்பது என்ன ஞாயம்?

1983இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் இயக்கி நடித்த படமும் இதைத்தான் செய்தது. யென்டலுக்குப் பெண்ணுடை போட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி முடித்துவைத்தது. சிங்கருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

தமிழில் தொல்லை கூடுதல். வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்தார்’ போட்டு நழுவிடலாமே என்றார் இன்னொருவர். மேலே ஒரு ‘கிளம்புகிறவரை’ எழுதி நானும் நழுவித்தான் இருக்கிறேன். ஆனால் கதை முழுக்க மரியாதைப் போர்வை போர்த்தி ஒளித்துவைக்க எனக்குச் சம்மதமில்லை.

சிங்கரைத் தலையில் தூக்கி ஆடவும் நான் தயாரில்லை. 1978இல் அவருக்கு நோபல். அவருடைய அக்கா எஸ்தர் கிரெய்ட்மனும் எழுத்தாளர். தம்பிகளுக்குக் கிடைத்த படிப்பு ராபியின் மகளுக்குக் கிடைக்கவில்லை. ஹீப்ரு புனித மொழி, யிட்டிஷ் பெண்டுகளும் படிக்காத ஆண்களும் வாசிக்கிற மொழி என்று பழித்த சமூகம் அது. அந்த மொழியிலும் அவர் முட்டிமோதித்தான் எழுதினார். படிக்க ஏங்கும் பெண்ணை வைத்து அவர் எழுதிய நாவல் 1936இல் வந்தது. யென்டல் அச்சேறியது 1960களில். தம்பியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அக்காவைத் தேடினோம்? நானே தாமதமாகத்தான் தேடினேன்.

நண்பர் அடித்த இடமெல்லாம் மறுபடி ‘அவன்’ போட்டு இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். போடுவதானால் அப்படியே போடட்டும்.