யந்திரத்துக்குப் பொய் கற்பித்தவர் யார்?

விஞ்ஞானக் கற்பனைச் சலனப்படம் என்றதும், சிறுவர் கண்டு மகிழும் மாயாசாலம் என்றே பெரியோர் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எல்லாப் படங்களுக்கும் பொருந்துவதன்று. 1968ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் ஆங்கிலப் படம், மாணவரும் ஆசிரியரும் ஒருங்கிருந்து ஆராய்தற்குரியது என்பது எமது துணிபு. யந்திரம் ஒருநாள் மனிதனை வென்றுவிடும் என்னும் அச்சமே அப்படத்தின் பொருள் என்பர் பலர். யாம் அதனை ஏற்கிலோம்.

இப்படம் இருவரது கூட்டு முயற்சியாற் பிறந்தது. ஒருவர் அமெரிக்க நெறியாளர் ஸ்ரான்லி கியூபிரிக். மற்றவர், 1956ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, இந்நாட்டையே தமது வாசத்தலமாக்கி, 2008ஆம் ஆண்டிலே கொழும்பிற் காலமான ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 1964ஆம் ஆண்டிலே நியூயோர்க்கிற் சந்தித்த இவ்விருவரும், 1951இல் வெளிவந்த கிளார்க்கின் சிறுகதை ஒன்றை வித்தாகக் கொண்டு, நாவலையும் படத்தையும் ஒருங்கே வளர்த்தனர்.

படப்பிடிப்பு 1965 டிசெம்பரில் இங்கிலாந்திலே தொடங்கிற்று. மனிதர் முதன்முதலிற் சந்திரனை வலம்வந்ததோ 1968 டிசெம்பரில். எவரும் காணாத காட்சியை எவ்வாறேனும் காட்டியிருக்கலாம். பிழை காண்பார் யார்? ஆயினும் இவர்கள் அவ்வாறு செய்திலர். விண்ணிலே பாரமின்றி மிதக்கும் மனிதன் காலூன்றி நடக்கவேண்டுமாயின், அவன் வாழும் கூடம் சக்கரம்போற் சுழலவேண்டும் என்பது விஞ்ஞானம். அதற்காக 38 அடி விட்டமுடைய மெய்யான சக்கரம் ஒன்றையே ஏழரை இலட்சம் டொலர் செலவிற் கட்டுவித்தனர். நடிகர் அடித்தளத்திலே நின்று நடக்கச் சக்கரம் அவர் காலடியிற் சுழன்றது. வெற்றிடத்தில் ஒலி பரவாது. ஆதலின் அங்கே கலங்கள் இரைச்சலின்றிச் செல்கின்றன. வீரனது மூச்சொலியே சில காட்சிகளிற் கேட்கும் ஒலி. சிறியதொன்றிலும் பொய் புகவிடாத இவ்விரதமே இப்படத்தின் முதற் சிறப்பு.

இனிக் கதையை நோக்குவோம். வியாழனை நோக்கிச் செல்லும் கலத்தை ஹால் 9000 என்னும் கணினி நடத்துகின்றது. தன்னினத்து யந்திரம் எதுவும் ஒருபோதும் தவறிழைத்ததில்லை என்று அது பெருமையுரைக்கின்றது. பின்னர் பழுதடையாத கருவி ஒன்றைப் பழுதடையும் என்கின்றது. ஐயுற்ற வீரர் இருவரும் அதன் செவிக்கு எட்டாதபடி மறைந்திருந்து பேச, உதட்டசைவினாலே பேச்சை உணர்ந்து, ஒருவரைக் கொல்கின்றது; உறக்கத்தில் இருந்த மூவரையும் கொல்கின்றது. எஞ்சிய போமன் அதன் அறிவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடக்குகின்றான்.

அந்த வேளையிலே, முன்னரே பதிந்துவைத்த செய்தி ஒன்று திரையில் ஒலிக்கின்றது. பயணத்தின் உண்மை நோக்கம் விழித்திருந்த வீரருக்கு மறைக்கப்பட்டதென்றும், கலத்திலே கணினி மாத்திரமே அதனை அறிந்திருந்ததென்றும் அப்போதுதான் அறிகின்றோம். உண்மையை உள்ளபடி உரைப்பதற்கென ஆக்கப்பட்ட யந்திரத்துக்கு, உடனுறைவோரிடம் அவ்வுண்மையை ஒளிக்குமாறும் கட்டளை இடப்பட்டது. இம்முரண்பாடே அதன் மதியைக் குலைத்தது என்று கிளார்க்கின் நாவல் வெளிப்படையாகக் கூறுகின்றது. ஆகவே கொலை செய்தது யந்திரமாயினும், அதற்கு வஞ்சனையைக் கற்பித்தவர் பூமியிலே பாதுகாப்பாக அமர்ந்திருந்த மேலோரே.

படம் மிக மெதுவாகச் செல்கின்றது, முடிவு விளங்கவில்லை என்பாரும் உளர். அதிற் சிறிது நியாயம் உண்டு. முதற் காட்சிகளின் பின்னர் கியூபிரிக் தாமே ஏறக்குறைய 19 நிமிடப் பகுதியை வெட்டி நீக்கினார். இறுதிக் காட்சிகள் எமக்கும் புதிராகவே தோன்றுகின்றன. ஆயினும் ஹாலின் வீழ்ச்சியிற் புதிர் யாதும் இல்லை.

வினாவுக்கு விடையிறுக்கும், கட்டுரையும் வரையும் யந்திரங்கள் இன்று மாணவர் கைக்கு எட்டியுள்ளன. அவற்றை அஞ்சி விலக்குதல் பேதைமை. தம் உழைப்பென்று அவற்றின் எழுத்தை ஆசிரியரிடம் ஒப்புவித்தல் அதனினும் பெரும் பேதைமை. முன்னது அறிவை இழக்கச் செய்யும். பின்னது யந்திரத்தையும் எம்மையும் ஒருசேரப் பொய்க்குத் துணையாக்கும். ஆசிரியருக்கும் இதிற் கடமையுண்டு: காரணம் மறைத்து விதிக்கும் தடை மாணவரிடத்தே கரவையே வளர்க்கும்.

யந்திரத்தை எவ்வளவு வல்லதாக்கலாம் என்பதை விஞ்ஞானம் கூறும். அதனிடம் எத்தகைய நெஞ்சோடு செல்வது என்பதைக் கல்லூரியே கற்பித்தல் வேண்டும். வாய்மையிற் பழகிய மாணவன் கையிலே எந்த யந்திரமும் நன்மைக்கே துணையாகும் என்பது எமது நம்பிக்கை.