பந்தைக் கொடுத்தவர் யார்?



2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71-ஆவது தேசிய சீனியர் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பஞ்சாபை 87-69 என்று வென்றது நம் தமிழக ஆடவர் அணி. கூடைப்பந்து ரசிகனான எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி!

பந்து கூடையில் விழுந்ததும், போட்டவருக்கே கை தட்டுகிறோம். சரியான நேரத்தில் பந்தைக் கொடுத்தவரைக் கவனிப்பதில்லை. ஆனால், இந்த விளையாட்டு அவரை மறப்பதில்லை. அவர் பெயரில் 'அசிஸ்ட்' என்று தனிக் கணக்கு எழுதுகிறார்கள்.

நம் திருப்பூர் பனியனும் அப்படித்தான். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று எத்தனை கை மாறி வருகிறது! லேபிளில் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

"அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று வகுப்பில் கேட்டால், "பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார்" என்று சொல்லச் சிலர் கூச்சப்படுகிறீர்கள். ஏன் கூச்சம்? பிசிறு வெட்டாத பனியன் பெட்டிக்குள் போகாதே! தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

இன்று வேலை முடிந்து வருபவரிடம், "இன்னிக்கு எத்தனை பீஸ் முடிச்சீங்க?" என்று ஆசையாகக் கேளுங்கள். அவர்களுடைய 'அசிஸ்ட்' கணக்கை நாம்தான் எழுத வேண்டும்!