பங்கு சரியா?



2021 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் தெட்ரோஸ் ஒரு கணக்குச் சொன்னார். வசதி படைத்த 49 நாடுகளில் 39 மில்லியன் கோவிட் தடுப்பூசிகள் போட்டாகிவிட்டன. பரம ஏழை நாடொன்றில் வெறும் 25. ஒரு லயத்துக்கே காணாது!

ஏழை நாடுகளுக்கும் பங்கு கிடைக்க ஏற்பட்ட கோவேக்ஸ் திட்டத்தின் முதல் பெட்டிகள் பிப்ரவரி 24இல் கானாவில் இறங்கின. அன்றுதான் மலேசியாவிலும் ஊசி தொடங்கியது.

நாட்டுக்கு வந்தால் வீட்டுக்கு வந்ததாகுமா? மைசெஜாத்ராவில் பதியச் சொன்னார்கள். கைத்தொலைபேசி இல்லாத பாட்டி என்ன செய்வார்? நூற்றுக்கு எத்தனை பேர் என்ற மொத்தக் கணக்கில் அவர் தெரியமாட்டார். வயது, ஊர், தொழில் என்று பிரித்து எண்ணினால்தான் விடுபட்டவர் கண்ணில் படுவார். இன்னொரு கொள்ளைநோய் வந்தால், பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் லயம் லயமாகக் கூப்பிட்டுப் போடட்டும்.

உங்கள் லயத்தில் அன்று கடைசியாக ஊசி கிடைத்தது யாருக்கு? எழுதுங்கள்.