பயம் வேண்டாம், கவனம் வேண்டும்!



எங்கள் தெருப் பையன் ஒருவன், 3ம் வகுப்பு படிப்பவன், கொய்யா மரத்தில் ஏறி விழுந்துவிட்டான். கை வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்க அவன் அம்மாவோடு நானும் துணைக்குப் போனேன். அறை வாசலிலேயே அவன் நின்றுவிட்டான்.

"மாட்டேன் தாத்தா! உள்ளே பூரா கதிர் இருக்குமாம். உடம்புல ஒட்டிக்குமாம்!" என்று ஒரே அழுகை. சமாதானப்படுத்தி உட்கார வைத்தோம். பயத்தில் கையை ஆட்டிவிட்டான். படம் கலங்கிப் போய், மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயைப் பிறக்க வைப்பது மின்சாரம். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் இதற்குப் போதாது. கை எலும்பைப் படமெடுக்கவே சுமார் 50 ஆயிரம் வோல்ட் வேண்டும். இங்கேதான் மின்மாற்றி உதவுகிறது. அதில் இரும்பின்மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் மாறுதிசை மின்சாரம் ஓடினால் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் அடுத்த சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை இது. இரண்டாவது சுருளில் சுற்றுகள் அதிகம் என்றால் வோல்ட்டும் அதிகமாகும்.

அடுத்தது, காற்றை வெளியேற்றிய ஒரு குழாய். அதன் ஒரு முனையில் உள்ள மெல்லிய கம்பி சூடேறி எலக்ட்ரான்களை வெளியிடும். உயர்ந்த மின்னழுத்தம் அவற்றை இழுத்துக்கொண்டு போய், எதிர்முனையில் உள்ள டங்ஸ்டன் உலோகத்தில் மோத வைக்கும். சைக்கிள் சுவரில் மோதியது போல, எலக்ட்ரான்கள் சட்டென்று வேகம் இழக்கும். அந்தச் சக்தியில் 100ல் சுமார் 99 பங்கு வெப்பமாகிவிடும். மீதி 1 பங்குதான் எக்ஸ்ரே! இந்தக் கதிர் சதையை எளிதாகக் கடந்து போகும். எலும்போ நிறையத் தடுத்துவிடும். அதனால்தான் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது.

மின்சாரம் நின்றால் எக்ஸ்ரேயும் நின்றுவிடும். விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் அறைக்குள் தங்குமா? ஒளியும் எக்ஸ்ரேயும் ஒரே மின்காந்த அலைக் குடும்பம்தான். அது அறையிலும் தங்காது, உடம்பிலும் ஒட்டாது.

"அப்படியானால் படம் எடுக்கிற மாமா ஏன் மறைவில் நிற்கிறார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி!

1895 நவம்பர் 8ம் தேதி, ஜெர்மனியில் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். என்னவென்று புரியாததால் 'எக்ஸ்' என்று பெயரிட்டார். 1901ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். அந்த நாட்களில் இதன் ஆபத்து பலருக்கும் தெரியாது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, தன் கையையே நீட்டி நீட்டிக் குழாய்களைச் சோதித்தார். கைகள் புண்ணாயின, வெட்டி எடுத்தும் பயனில்லை. 1904ல், 39 வயதில் இறந்தார். அதிர்ந்துபோன எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார்.

நமக்கு எப்போதோ ஒருமுறை எடுப்பதில் ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனால் நாள் முழுவதும் அங்கேயே வேலை செய்பவர் காரீயத் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? "ஆடாதே" என்றால் ஆடாதீர்கள். "மூச்சைப் பிடி" என்றால் பிடியுங்கள். படம் கலங்கினால் தேவையில்லாமல் இன்னொரு முறை கதிர் படும். பழைய படம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் "வேண்டாம்" என்றால், "எடுத்தே ஆகணும்" என்று அடம்பிடிக்காதீர்கள்.

சில வாரங்கள் கழித்து, எலும்பு கூடியதா என்று பார்க்க அந்தப் பையனுக்கு மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே வந்தவன் பெருமையாகச் சொன்னான்: "தாத்தா, சிலை மாதிரி இருந்தேன். ஒரே தடவைதான்!"

நீங்களும் அப்படித்தானே?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா