உப்பளத்துக்குப் போகும் தன்னார்வலருக்கு

இரும்பை கிராமத்துப் பக்கமிருந்து மரக்காணம் உப்பளங்களுக்குச் சுகாதார விழிப்புணர்வு நடத்தப் போகிறவர்கள் முதலில் அச்சடிப்பது பதாகை. நானாக இருந்தால் முதலில் நாட்காட்டியைப் பார்ப்பேன். உப்பளத்தில் வெயில் ஏறுமுன்பே வேலை தொடங்கிவிடும். பதினொரு மணிக் கூட்டத்துக்கு அங்குள்ள தொழிலாளி எப்படி வருவார்? வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கி வேலை நிற்கும் மாதங்கள்தான் உட்கார்ந்து பேசத் தோதானவை. என்ன பேசுவது என்பது அதைவிடச் சிக்கல். “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று பெண்களிடம் சொல்வது சுலபம். ஆனால் ஒதுங்க மறைவில்லாத வெட்டவெளியில் அவர்கள் தெரிந்தேதான் தாகத்தை அடக்குகிறார்கள். வெப்பம் உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகத்தைப் பாதிப்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே கழிப்பறைக்கும் நிழற்கூரைக்கும் மனு எழுதித் தருவதும் சுகாதாரக் கல்விதான். துண்டறிக்கையை விட மேலானது என்றே சொல்வேன். தனியாக முகாம் போட்டால் மிஞ்சுவது புகைப்படம் (அது மட்டும் நன்றாக வரும்). 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பெண் தன்னார்வலருக்குத் தெருக்கள் அத்துப்படி. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை போகிறார் என்று அவரிடம் கேட்டுவிட்டு நாள் குறிக்கலாம்.